ரோமெட்டின் கழுத்து

கழுத்து என்று ஒன்று தனக்கு இருப்பதே ஐம்பது வயது வரை ரோமெட்டுக்குத் தெரியாது. தலை இருந்தது, தோள் இருந்தது, நடுவில் என்ன இருக்கிறது என்று அவன் யோசித்ததில்லை. டிரோல் மலைகளில் சம்பளத்துக்கு வேட்டைக்காரனாக இருப்பவனுக்கு யோசிக்க வேறு ஆயிரம் இருக்கிறது. பனிக்காலத்தில் மான்களுக்கு வைக்கோல் சுமக்க வேண்டும். கோடையில் உப்புக்கட்டி கொண்டுபோய் வைக்க வேண்டும். இலையுதிர்காலம் வந்துவிட்டால், சமவெளி ஊர்களிலிருந்து வரும் விருந்தாளிகளை மூச்சு வாங்க மேலே ஏற்றி, எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்று சொல்லி, கைகால் முறியாமல் கீழே இறக்க வேண்டும். இதில் பெரிய வேலை சொல்கிற வேலைதான். சுடுவது விருந்தாளி. “சுடலாம்” என்று சொல்வது ரோமெட்.

அங்கே பாறைகளில் வாழ்கிற ஆட்டுக்குக் காம்ஸ் என்று பெயர். ஆணுக்கும் கொம்பு, பெண்ணுக்கும் கொம்பு, இரண்டும் கொக்கியாக வளைந்திருக்கும். எட்டத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. அதில் கிழடு எது, இளசு எது, குட்டியோடு திரிகிறது எது, வறட்டாடு எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கிழ வறட்டாட்டைச் சுடலாம். குட்டிக்காரியைச் சுடக்கூடாது. தாய் போனால் குட்டி பனிக்காலம் தாண்டாது.

தவறிப்போய்ச் சுட்டுவிட்டால் மூடி மறைக்கவும் வழியில்லை. பனி உருகத் தொடங்கும்போது ஊர் மண்டபத்தில், அந்த வருஷம் சுட்ட கொம்புகளையெல்லாம் பலகையில் மாட்டி வைப்பார்கள். சரியாகச் சுட்டதற்குப் பச்சைப் புள்ளி, தப்பாகச் சுட்டதற்குச் சிவப்புப் புள்ளி. ஊரே பீர்க் குவளையோடு வந்து பார்க்கும். கொம்பைக் கழற்றிய பிறகும் புள்ளி போகாது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, “பையன் நல்லவன்தான், ஆனா அவன் பெரியப்பன் சிவப்பு வாங்கினவனாச்சே” என்று இழுக்கிற ஊர் அது.

ரோமெட்டின் சொல்லால் ஒரு தாயும் செத்ததில்லை. அவனுடைய வித்தையெல்லாம் காத்திருப்பதுதான். படுத்திருக்கிற ஆடு தானாக எழ வேண்டும், இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும், மடியைக் காட்ட வேண்டும், சுற்றிலும் குட்டி இல்லையென்று தெரிய வேண்டும். அதுவரை அவன் வாயைத் திறக்க மாட்டான். குளிரில் பல் கிட்டிப்போன விருந்தாளிகள் அவனைச் சபித்திருக்கிறார்கள். “ஆடு வயசாகித் தானா சாகட்டும்னு காத்திருக்கான்யா இவன்” என்று விடுதியில் சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்களே அடுத்த வருஷம், “ரோமெட் கூடத்தான் போவேன்” என்று வந்து நின்றார்கள்.

இப்படிக் காத்திருக்கத் தொலைநோக்கி வேண்டும். முக்காலியில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கிற பெரிய குழல். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று நேர்க்குழல். துப்பாக்கிபோல நேராக இருக்கும், மூக்கு போன பக்கம் குழலும் போகும், ஆட்டைச் சட்டென்று பிடித்துவிடலாம். இன்னொன்று கண் வைக்கிற இடத்தில் மேல்நோக்கி மடங்கியிருக்கும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு எதிர்மலையைப் பார்க்க வேண்டும். ஆட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். பிடித்துவிட்டால் பொழுதெல்லாம் பார்க்கலாம், தலைக்கு மேலே உச்சியில் நிற்பதைக்கூட நிமிராமல் பார்க்கலாம். கடைக்காரர்கள் அதைக் கோணக்குழல் என்பார்கள். ரோமெட் கோணல் குழல் என்பான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கின் வேட்டைக்காரன் லோய்ஸ் ஒரு வருஷம் பனிச்சரிவில் உருண்டு, தோளெலும்பு முறிந்து, ஆறு மாதம் கட்டோடு கிடந்து எழுந்தான். எழுந்ததும் கோணக்குழல் ஒன்று வாங்கி, எல்லாருக்கும் காட்டலாம் என்று விடுதிக்கு எடுத்து வந்தான். மேஜை நிறைய ஆள். பீர் உள்ளே போயிருந்தது. ரோமெட் குழலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மலையைப் பாக்கத் தலையத் தூக்க முடியாதவன் மலைக்கு எதுக்குப் போகணும்? வீட்ல உக்காந்து குருவி பாக்கட்டும்” என்றான். மேஜை அதிரச் சிரித்தார்கள். லோய்ஸும் சிரித்தான், ஆனால் பீரைப் பாதியில் வைத்துவிட்டு, குழலை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனான். ரோமெட் அதைப் பார்த்தான், இன்னொரு பீர் கேட்டான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அடுத்த வருஷமே ரோமெட்டுக்குக் கழுத்து இருப்பது தெரிந்தது.

முதலில் காலையில் மட்டும் பிடித்துக்கொண்டது. பிறகு பகலெல்லாம். பிறகு நேர்க்குழலில் கண் வைத்துப் படுத்தால், கழுத்தின் அடியில் ஒரு ஆணி இறங்கி, தோள் வழியே நெருப்பாக ஓடி, விரல் நுனியில் மரத்துப்போனது. மருத்துவர் படமெடுத்துப் பார்த்து, எலும்புக்கு நடுவே இருக்கிற மெத்தை தேய்ந்துவிட்டது, அண்ணாந்து பார்க்கிற வேலையை விட்டுவிடுங்கள் என்றார். வேட்டைக்காரனிடம் அண்ணாந்து பார்க்காதே என்று சொன்னால் அவன் எதைப் பார்ப்பான்? ரோமெட் தலையாட்டிவிட்டு வந்தான். அந்த ஆட்டலும் வலித்தது.

வலி அவன் மனைவி புர்கிக்கு மட்டும் தெரியும். சாப்பாடு முடிந்ததும் மர்மோட் கொழுப்பைச் சூடாக்கி அவன் கழுத்தில் தேய்த்துவிடுவாள். மலைப் பெருச்சாளியின் கொழுப்பு அது, அந்த ஊரில் எல்லா மூட்டுக்கும் அதுதான் மருந்து. அது நாறும் நாற்றத்துக்கு வலியே தேவலை.

“பெருச்சாளிகூட வளையில உக்காந்து குனிஞ்சுதான் இருக்கு. உன்ன மாதிரி வீம்புக்கு அண்ணாந்துக்கிட்டா இருக்கு?” என்பாள் புர்கி.

“தேய்க்கிறதுன்னா தேய். பேசுறதுன்னா பேசு.”

“ரெண்டும் பண்ணுவேன். அந்தக் கோணக்குழலத்தான் ஒரு தடவ எடுத்துப் பாரேன். பூட்டி வச்சிருக்கியே, அது என்ன சீர்வரிசைப் பாத்திரமா?”

அவள் சொன்னது உண்மைதான். பழைய குழலுக்குள் ஈரம் புகுந்து பார்வை மங்கிவிட்டதால், வேட்டைச் சங்கம் அவனுக்குப் புதுசு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தது. நகரத்துக் கடைக்காரர் நேர்க்குழல் ஒன்று, கோணக்குழல் ஒன்று, இரண்டையும் கொடுத்தனுப்பி, பனி உருகும்வரை வைத்துப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொன்னார். ரோமெட் நேர்க்குழலை முதுகுப்பையில் போட்டுக்கொண்டான். மற்றதை அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் தள்ளினான். அதை எடுத்துக்கொண்டு மலையில் ஏறினால் ஒருநாள் இல்லை ஒருநாள் யார் கண்ணிலாவது படும். பட்டால் லோய்ஸின் காதுக்குப் போகும். தான் சொன்ன சொல்லைத் தானே விழுங்க வேண்டும். அதைவிட வலியை விழுங்குவது எளிது என்று நினைத்தான் முட்டாள்.

நவம்பர் கடைசியில் பிக்லர் வந்தார். ஸ்டையர் நகரத்தில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர், பருத்த மனிதர், பல வருஷமாக ரோமெட்டோடுதான் மலை ஏறுகிறவர். அவருக்கு அந்த வருஷம் ஒரு கிழ வறட்டாடு என்று சங்கத்தில் ஒதுக்கியிருந்தார்கள். விடுதியில் பார்க்கும்போது, “எப்படி இருக்கீங்க ரோமெட்?” என்பார். காட்டுப் பாதையில் ஏறி நல்ல உயரத்துக்கு வந்ததும், “யோவ் ரோமெட், கொஞ்சம் நில்லுய்யா, உசிரு போகுது” என்பார். ஆயிரம் மீட்டருக்கு மேலே “நீங்க” கிடையாது, எல்லாரும் “நீ”தான் என்பது மலை வழக்கம். இறங்கி வந்ததும் மறுபடி மரியாதை ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கு ரோமெட் களைத்துப்போய்த்தான் கிளம்பினான். தூங்கிப் பல நாளாகியிருந்தது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் கழுத்து எழுப்பிவிடும். பனி முழங்கால் வரை கிடந்தது. பெரிய பாறைச்சுவரின் அடிக்கு வந்து, இருவரும் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியும் புகையில் வாட்டிய பன்றி இறைச்சியும் தின்றார்கள். ரொட்டி பிக்லர் கடையுடையது. தன் ரொட்டியைத் தானே புகழ்ந்துகொண்டு தின்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

ரொட்டியை மென்றுகொண்டே ரோமெட் சுவரைப் பார்த்தான். மேலே, உச்சந்தலைக்கு நேரே என்று சொல்லத்தக்க உயரத்தில் ஒரு திட்டு. அதில் ஒரு ஆடு படுத்திருந்தது. நேர்க்குழலைக் குட்டை முக்காலியில் வைத்து, பனியில் குப்புறப் படுத்து, தலையைத் தூக்கிக் கண்ணை வைத்தான். உடனே கிடைத்துவிட்டது. பெட்டை. கிழடு. முகத்தின் வரி மங்கியிருந்தது, கண்ணுக்கு மேலே குழி விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் பனிக்கு வெளியே துருத்திக்கொண்டு இரண்டு கறுத்த கல். வேறு ஒன்றும் இல்லை.

“கிடைச்சுதா?” என்றார் பிக்லர்.

“கிழவிதான். எந்திரிக்கட்டும்.”

கிழவி எழுந்திருக்கவில்லை. அசை போட்டுக்கொண்டிருந்தது. ஆணி இறங்கியது. நெருப்பு தோளுக்கு வந்தது. ரோமெட் கண்ணை எடுத்து, நெற்றியைப் பனியில் வைத்துக் கொஞ்சநேரம் கிடந்தான். பிறகு மறுபடி தலையைத் தூக்கினான். கல், கல், ஆடு. மறுபடி நெற்றி பனிக்குப் போயிற்று. விரல்கள் யாருடைய விரல்களோபோல இருந்தன.

“என்னய்யா, கும்பிடுறியா?” என்றார் பிக்லர்.

“கண்ணுல தண்ணி வருது, குளிர்.”

“நான் கொஞ்சம் பாக்கவா?”

பிக்லர் பார்த்தார். “தனியாத்தான் இருக்கு. நல்ல கிழவி, எங்க மாமியார் மாதிரியே மெல்லுது. எனக்கொண்ணும் அவசரமில்ல ரோமெட். நீ நல்லாப் பாரு. இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு.”

அவர் அப்படிச் சொன்னார். அதை எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு ஊரில் வேறு மாதிரி பேசினார்கள். அந்த மனிதர் ஒரு சொல்லால்கூட அவனை விரட்டவில்லை. ரோமெட் மூன்றாம் தடவை கண்ணை வைத்தான். வலி இப்போது கழுத்தில் இல்லை, மண்டை முழுக்க இருந்தது. வலிக்கிறவனுக்கு உலகத்தில் ஒரே ஆசைதான், இது முடிய வேண்டும். ஆடு எழுந்தது. உடம்பை முறுக்கி ஒரு பக்கம் காட்டியது. மடி இருக்கிற இடத்தில் நிழல். இன்னொரு பக்கம் திரும்பும், பத்தடி நடக்கும், அதுவரை பார்க்க வேண்டும். அவனால் முடியவில்லை.

“சுடலாம்” என்றான்.

பிக்லர் குறி தவறாதவர். சத்தம் சுவரில் மோதி இறங்கியது. கிழவி நின்ற இடத்திலேயே மடங்கி, திட்டிலிருந்து சரிந்து, பனியோடு உருண்டு அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது.

“வெய்ட்மான்ஸ்ஹைல்” என்று வேட்டைக்காரர்கள் வாழ்த்துகிற சொல்லைச் சொல்ல ரோமெட் வாயைத் திறந்தான். அப்போதுதான் திட்டில் குட்டி நின்றது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தாய் படுத்திருந்த இடத்தை முகர்ந்தது, கீழே எட்டிப் பார்த்தது, மெல்லிசாக ஒரு சத்தம் போட்டது. பிறகு பாறையில் கால் மாற்றிக் கால் மாற்றித் தாயைத் தேடி இறங்கி வந்தது.

பிக்லர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

இனி என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பனியில் தாயில்லாமல் நாள்கணக்கில் சாவதற்கு விட முடியாது. கூட்டிவந்தவனின் தப்பைக் கூட்டிவந்தவன்தான் முடிக்க வேண்டும், விருந்தாளியின் கையில் அதைத் தரக்கூடாது, அது எழுதாத சட்டம். ரோமெட் தன் துப்பாக்கியை எடுத்துப் படுத்தான். தலையைத் தூக்கினான். தூக்க முடியவில்லை. இன்னொரு தடவை முயன்றான். துப்பாக்கியின் கண்ணாடியில் ஒரே கறுப்பாகத் தெரிந்தது, குட்டியும் தெரியவில்லை, பாறையும் தெரியவில்லை. விசைக்குப் போன விரலுக்கு விசை எங்கே என்றே புரியவில்லை. குட்டி தாயிடம் வந்து, அதன் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

“என்னால முடியல” என்றான் ரோமெட். முகத்தைப் பனியிலிருந்து எடுக்காமலே சொன்னான். “நீ சுடு.”

“நானா?”

“கை வரல. கழுத்து... தலையத் தூக்க முடியல என்னால. நீயே சுட்டுரு.”

பிக்லர் தன் துப்பாக்கியை எடுத்தார். பிறகு படுத்துச் சுட்டார். எழுந்து திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். அழுதார் என்றே சொல்லிவிடலாம், அதில் என்ன வெட்கம்.

தாயின் மடியில் இன்னும் கொஞ்சம் பால் இருந்தது. ரோமெட் பைன் மரத்தின் சிறு கொத்தை ஒடித்து அதன் வாயில் வைத்தான். கடைசிக் கவளம், வாய்க்கரிசி மாதிரி. குட்டிக்கு அப்படி வைக்கும் வழக்கம் இல்லை. அதற்கும் வைத்தான். மூன்றாவது கொத்தைச் சுட்டவரின் தொப்பியில் செருகத் தர வேண்டும். நீட்டியபோது பிக்லர், “வேணாம்யா” என்று கையை மடக்கிக்கொண்டார்.

இறங்கும்போது தாயை ரோமெட் இழுத்து வந்தான், குட்டியைப் பிக்லர் முதுகில் போட்டுக்கொண்டார். பாதி வழியில் அவர்தான் பேசினார்.

“நான் அவசரப்பட்டுட்டேன்னு சொல்லிக்கலாம்.”

ரோமெட் இழுக்கிற கயிற்றைக் கை மாற்றிக்கொண்டான்.

“நீ சொல்றதுக்கு முன்னாடியே சுட்டுட்டேன்னு சொல்றேன். நான் ரொட்டிக்காரன், எனக்கு என்ன போச்சு? ரெண்டு நாள் சிரிப்பானுங்க. நீ இங்கேயே கெடந்து பொழைக்கணுமில்ல.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ரோமெட்டுக்குக் களைப்பாக இருந்தது. வேண்டாமென்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். அவன் பேசாமல் நடந்தான், பேசாததைப் பிக்லர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பனிக்காலம் முழுக்க ஊரில் ரொட்டிக்காரரின் கதைதான். ரோமெட்டைப் பார்த்தவர்களெல்லாம், “பாவம்யா நீ, விருந்தாளிங்கள வச்சிக்கிட்டு என்னதான் பண்ணுவ” என்றார்கள். அவன் தலையாட்டினான். வலித்தது. வைக்கோல் சுமந்தான், வந்தான், சாப்பிட்டான், படுத்தான். கொழுப்பு தேய்க்கும்போது புர்கியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

“குட்டி அந்தப் பக்கம் மறைவுல படுத்திருந்திருக்கு. கிழவி, பக்கத்துல ரெண்டு கல்லு, அவ்வளவுதான் தெரிஞ்சுது. யாரு பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. லோய்ஸ் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது.”

“சரிய்யா.”

“கழுத்து நல்லா இருந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது.”

“சரி. படு.”

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவன் மார்ச் மாதம் வரை வந்தான். யாருக்குமே தெரிந்திருக்காது என்றால் யார் மேலும் தப்பில்லை. தப்பே இல்லையென்றால், பிக்லர் சுமப்பது வெறும் பேச்சுதானே.

அவர்கள் வீடு பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் இருந்தது. சமையலறை ஜன்னலுக்கு நேரே அந்தப் பாறைச்சுவர். ஒருநாள் பகலில் ரோமெட் வைக்கோல் வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்தபோது, புர்கி ஜன்னலோரம் நாற்காலி போட்டு, மடியில் உருளைக்கிழங்குக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் முக்காலியில் கோணக்குழல். கிழங்கைச் சீவுவாள், குனிந்தவாக்கில் குழலுக்குள் ஒரு பார்வை பார்ப்பாள், மறுபடி சீவுவாள்.

“யாரக் கேட்டு எடுத்த?”

“போர்வைய உதறப் போனேன், இருந்துச்சு. கடைக்காரரு திருப்பிக் கேக்கறதுக்குள்ள யாராவது ஒருத்தர் பாக்கட்டுமே. மொத நாளு ஆகாசந்தான்யா தெரிஞ்சுது, அப்புறம் பழகிருச்சு. நல்லாத்தான் இருக்கு.” இன்னொரு தோலைச் சீவிப் போட்டாள். “ஏய்யா, நீ சொல்லுவியே ஒரு திட்டு, பைன் மரம் ஒண்ணு கோணலா நிக்குதே, அதுக்கு மேல இருக்கிறதுதானே?”

“அதுதான்.”

“ரெண்டு கல்லுன்னியே. ஒண்ணுதானே இருக்கு?”

ரோமெட் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவள் எழுந்துகொள்ள, அந்த நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கண்ணை வைத்தான். சரிவான திட்டு என்பதால் பனி வழிந்துபோய்ப் பாறை வெறுமையாகக் கிடந்தது. கிழவி படுத்திருந்த பள்ளம் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு கல். இன்னொரு கல் இருந்த இடத்தில் போன வருஷத்துப் புல் பழுத்துக் கிடந்தது. கல் உருண்டிருக்குமோ என்று பார்த்தான். பதிந்து கிடந்த கல் பெயர்ந்து போனால் மண்ணில் குழி இருக்கும். குழி இல்லை. புல்தான் இருந்தது.

அப்படியென்றால் அது கல் இல்லை. தாயின் பக்கத்தில், பனிக்கு மேலே முதுகை மட்டும் காட்டிக்கொண்டு, தலையை மடக்கி வைத்துக் குட்டி படுத்திருந்திருக்கிறது. மறைவில் இல்லை. அவன் கண்ணுக்கு நேரேதான். ஒரு காது ஆடியிருந்தால், ஒரு மூச்சு தெரிந்திருந்தால் போதும். இன்னும் கொஞ்சநேரம் அவன் கண்ணை எடுக்காமல் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்க வைத்திருக்கக்கூடிய குழல், இதோ இது, அன்றைக்கு வீட்டில் போர்வைக்கு அடியில் இருந்தது.

கிழங்கு வெந்து, புர்கி வடித்து இறக்கியும் ஆயிற்று. ரோமெட் எழுந்திருக்கவில்லை.

“இவ்வளவு நேரம் பாக்கிறியே,” என்றாள் புர்கி, “கழுத்து வலிக்கலையா?”

“வலிக்கல” என்றான். அதைச் சொல்லும்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கொம்புகளை மாட்டினார்கள். சிவப்புப் புள்ளி ஒன்றே ஒன்றுதான், அதனால் எல்லாரும் அந்தப் பலகைக்கு முன்னால்தான் நின்றார்கள். வராமல் இருந்திருக்கலாம், ஆனால் பிக்லர் ஸ்டையரிலிருந்து வந்திருந்தார். சிவப்பு வாங்கினவன் ஓடி ஒளிந்தான் என்று பேச்சு வரக்கூடாதாம். கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு, கையில் குவளையோடு, எல்லாருடைய கேலிக்கும் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

லோய்ஸ்தான் சத்தமாக ஆரம்பித்தான். “என்னங்க பிக்லர், ரொட்டி சுடறதும் ஆடு சுடறதும் ஒண்ணுன்னு நெனச்சீங்களா? அடுப்பு காயறதுக்குள்ள மாவைத் தள்ளிட்டீங்களே!”

மண்டபம் சிரித்தது. “அவசரக்குடுக்கைங்க நான்” என்றார் பிக்லர், அவரும் சிரித்துக்கொண்டு. சிரித்த முகம் சிவந்திருந்தது.

ரோமெட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் வந்து நின்றான். பேசிப் பழக்கமில்லாதவன். யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல் கொம்புகளைப் பார்த்தே சொன்னான்.

“அவரு அவசரப்படல. நல்லாப் பாரு, நாளைக்குக்கூட வரலாம்னுதான் சொன்னாரு. நான்தான் சுடலாம்னு சொன்னேன்.”

யாரோ குவளையை மேஜையில் வைத்த சத்தம் கேட்டது.

“எனக்குக் கழுத்து வலி. அதுக்கு மேல தலையத் தூக்கிப் பாக்க முடியல. அதனால சொன்னேன். குட்டி என் கண்ணு முன்னாடிதான் படுத்திருந்துச்சு. கல்லுன்னு நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, “குட்டியையும் நான் சுடல. அவரத்தான் சுடச் சொன்னேன்” என்றான்.

எல்லாரும் லோய்ஸைப் பார்த்தார்கள். விடுதி மேஜையில் அன்றைக்குச் சிரித்தவர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். திருப்பிக் கொடுக்க அவனுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. லோய்ஸ் தன் தோளைத் தேய்த்துக்கொண்டான்.

“எத்தன வருஷமா வலி?”

“நீ விழுந்தேல்ல, அதுக்கு அடுத்த வருஷத்துலேருந்து.”

“மடையா” என்றான் லோய்ஸ். அவ்வளவுதான் சொன்னான். குவளையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான், அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கூட்டம் மெல்ல மற்றப் பலகைகளுக்கு நகர்ந்தது. பிக்லர் பக்கத்தில் வந்தார். அது பள்ளத்தாக்கு, மண்டபம், சுற்றிலும் ஆட்கள். ஆனாலும் அவர் மலையில் பேசுகிற மாதிரியே பேசினார்.

“எதுக்குய்யா சொன்னே? நான்தான் சுமந்துக்கிறேன்னேனே. எனக்கு ஒரு பாரமும் இல்லையேய்யா.”

“நீ சுமந்தே,” என்றான் ரோமெட். “வலி எனக்குல்ல இருந்துச்சு.”

பிக்லர் தன் குவளையை அவன் கையில் கொடுத்தார். ரோமெட் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பிறகு ரோமெட் வீட்டுக்குப் போய், நேர்க்குழலைத் துடைத்து உறையில் போட்டு, கடைக்காரருக்குத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்தான்.